இணையவழிப் போதனை: பயிற்சியும் உடைமையும் – சில விமர்சனக் குறிப்புகள்

நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் நடந்த நீண்ட வாக்குவாதமே இக்குறிப்புகளுக்குக் காரணம். கல்லூரி ஆசிரியர்களுக்கு இணையவழியில் பாடம் அமைக்கவும் படிப்பிக்கவும் பயிற்சி கொடுப்பதென்பது, அவர்களைக் கொண்டே அவர்களை வேலையிலிருந்து அகற்றும் ஏற்பாடு என்பது அவரது வாதம். டேவிட் நோபிளை ஆழ வாசித்தவர் அவர். நானோ ரொறொன்ரோவில் ஒரு கல்லூரியில் மணித்தியாலக் கணக்கில் சம்பளம் பெறும் விரிவுரையாளன். 2020 கோடையில் அப்படியான பயிற்சியொன்றில் நான்கு வாரங்கள் இருந்து எழும்பியவன். அவர் சொன்னதில் பாதியை உடனே ஏற்றுக்கொண்டேன். மற்றப் பாதியோடுதான் எனக்குப் பிரச்சினை.

நோபிளின் வாதம் வெறும் கணனி வெறுப்பில் பிறந்ததல்ல. 1997 வசந்தத்தில் ரொறொன்ரோவின் யோர்க் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ எட்டு வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழில்நுட்பத்தைப் போதனையில் பயன்படுத்தும்படி தங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பையும் அதில் வென்றெடுத்தார்கள். அதே வருடம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகம், கலை, விஞ்ஞானப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் இணையப்பக்கம் இருக்கவேண்டும் என்று அறிவித்தது. யோர்க்கில் படிப்பித்துக்கொண்டிருந்த நோபிள் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஆசிரியரின் அறிவு அவரது வாயிலும் கையிலும் இருக்கும்வரை அது அவருடையது. பாடக்குறிப்பாக, ஒளிப்பதிவாக, கேள்வித்தொகுதியாக நிறுவனத்தின் கணனிக்குள் ஏறிவிட்டால் அது பண்டம். பண்டத்தைச் செய்தவர் பிறகு தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொழுத்துக் கிடந்த தபால்வழிக் கல்வி வியாபாரத்தை அவர் இதற்கு முன்னுதாரணமாகக் காட்டினார்.

இது மிகைப்படுத்தல் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். 2021 ஜனவரியில் மொன்றியலின் கொன்கோடியாப் பல்கலைக்கழகத்தில் கனடிய ஓவிய வரலாற்றை இணையத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், திரையில் விரிவுரையாற்றும் பேராசிரியருக்கு ஒரு கேள்வி எழுத விரும்பி அவரது முகவரியைத் தேடினார். கிடைத்தது மரண அறிவித்தல். பிரான்சுவா-மார்க் கான்யோ 2019இலேயே இறந்துவிட்டிருந்தார். பாடத்துக்குப் பொறுப்பாக உயிரோடு ஓர் ஆசிரியரும், விடைத்தாள் திருத்த உதவியாளர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தை வெறும் பேய்க்கதையாக்குவது நேர்மையல்ல. ஆனால் அந்த மாணவர் யாரிடம் கேட்க விரும்பினாரோ அவர் இல்லை.

இனி என் நண்பர் வாசிக்க மறுக்கும் பக்கம். பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் அமைக்கப்பட்டு 1971இல் தன் முதல் மாணவர்களை எடுத்தது. அங்கே ஒரு பாடத்தைத் தனியாள் எழுதுவதில்லை; குழுவாக எழுதினார்கள். மாணவரோடு தொடர்பு வைத்திருந்தவர்கள் நாடெங்கும் சிதறியிருந்த பகுதிநேர ஆசிரியர்கள். ஒப்படையைத் திருத்தி, ஓரத்தில் நீளமாகக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதே அவர்களின் வகுப்பறை. 1988இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கோசி' என்ற மென்பொருளை வைத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைக் கணனிவழிக் கலந்துரையாடலுக்குள் இறக்கினார்கள். நிறைய அனுபவம், நிறையத் தோல்வி. இந்த மரபிலிருந்துதான் கில்லி சாமன் 2000இல் எழுதிய இணையவழி நெறிப்படுத்தல் பற்றிய நூல் வந்தது.

அந்நூலின் ஐந்து படிகள் இன்று பயிற்சிப் பட்டறைகளில் மந்திரம்போல ஓதப்படுகின்றன: உள்நுழைவும் ஊக்கமும், அறிமுகமாதல், தகவல் பரிமாற்றம், அறிவைச் சேர்ந்து கட்டுதல், தன்வழி வளர்தல். ஏணிப்படி மாதிரிகளில் எனக்குப் பொதுவாகவே நம்பிக்கையில்லை. மாணவர்கள் ஏறுவதில்லை, அலைவார்கள். இரவுவேலை முடிந்து காலை ஐந்து மணிக்குப் பாடத்தைத் திறக்கும் ஒருவருக்கு 'அறிமுகமாதல்' ஒரு தண்டனை. ஆனாலும் நூலின் நடுவே ஒரு நல்ல யோசனை இருக்கிறது. இணையத்தில் படிப்பிக்கப் போகிறவர் முதலில் இணையத்தில் மாணவராக இருந்து பார்க்கவேண்டும், அதே இடத்தில், அதே தடுமாற்றத்தோடு.

எனக்கு நடந்தது அதுதான். பயிற்சியின் முதல் வாரம் ஒரு கேள்விக்கு எல்லோரும் எழுதவேண்டும். நான் இரவிரவாக இருந்து, திருத்தித் திருத்தி, நானூறு சொல்லில் எழுதிப் போட்டேன். ஐந்து நாள் ஒரு பதிலும் இல்லை. பதினெட்டு வருடம் படிப்பித்தவன், காலையும் மாலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆங்கிலத்தில் ஏதும் பிழையோ, மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ என்று மனம் போயிற்று. ஆறாம் நாள் பயிற்றுநர் இரண்டே வரி எழுதினார்: என் மூன்றாவது பந்தியில் நான் சொன்னதை இன்னொருவர் மறுத்திருப்பதைச் சுட்டி, இருவரும் பேசுங்கள் என்றார். அந்த இரண்டு வரியில் கற்றதை நான்கு வாரத்தின் மிச்சத்தில் நான் கற்கவில்லை.

மிச்சம் என்ன? 'விளங்கிக்கொள்ளுதல்' என்ற வினைச்சொல்லைக் கற்றல் நோக்கங்களில் எழுதக்கூடாது, அதை அளக்க முடியாது என்றார்கள். ஒன்று எழுது, இரண்டுக்குப் பதில் போடு என்ற சூத்திரத்தைத் தந்தார்கள். விளைவு எல்லோருக்கும் தெரியும்: 'உங்கள் கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன்' என்று இருபத்தைந்து பேர் எழுதுவார்கள். இதற்குப் பெயர் ஊடாட்டம்!

1989இல் மைக்கல் மூர் ஊடாட்டத்தை மூன்றாகப் பிரித்தார்: மாணவருக்கும் பாடத்துக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும் இடையிலானவை. நிறுவனங்களுக்கு முதலாவதில்தான் பிரியம், அதற்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை. மூன்றாவதைத் தானாக நடக்கும் என்று விடுகிறார்கள். அது தானாக நடப்பதில்லை. 2013இல் கோர்செரா, இணையவழிப் பாடத்தை அமைப்பது எப்படி என்பதையே ஒரு பாடமாக நடத்தியது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். குழுக்களாகப் பிரிய அவர்களுக்குக் கொடுத்தது ஒரு கூகுள் அட்டவணை. எல்லோரும் ஒரேநேரத்தில் அதற்குள் பெயரெழுதப் போக அது நிலைகுலைந்தது. ஒரு வாரத்துக்குள் பாடம் இடைநிறுத்தப்பட்டது. பலர் இதைச் சிரித்து மறந்தார்கள். நான் அதைத் தற்செயலான விபத்தாக எடுக்கவில்லை. நாற்பதாயிரம் பேருக்கு நடுவே 'நீங்கள் இருவரும் பேசுங்கள்' என்று சொல்ல ஆளில்லாததன் விலை அது.

கறிசன், அன்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000இல் அல்பேர்ட்டாவிலிருந்து எழுதியபோது பயன்படுத்திய சொல் 'ஆசிரியரின் இருப்பு' அல்ல, 'கற்பித்தலின் இருப்பு'. வடிவமைப்பதும் வழிநடத்துவதும் நேராகச் சொல்லிக்கொடுப்பதும் அதற்குள் அடங்கும். மாணவரும் அதைச் செய்யலாம். ஜனநாயகமான கருத்து. ஆனால் ஆளிலிருந்து பிரிக்கப்பட்ட இருப்பை ஒளிப்பதிவுக்குள்ளும் வைக்கலாமல்லவா? கொன்கோடியாவில் வைத்திருந்தார்கள். நண்பர் இதைச் சொன்னபோது என்னிடம் உடனடி மறுமொழி இருக்கவில்லை.

இப்போது சொல்லுகிறேன். நோபிளுக்கு உழைப்புத் தெரிந்தது, ஆனால் இணையத்தில் நல்ல போதனை நடக்கக்கூடும் என்பதை அவர் ஏற்கவில்லை. சாமனுக்குப் போதனை தெரிந்தது. அந்த இரண்டு வரியை எழுத எத்தனை மணித்தியாலம் வாசிக்கவேண்டும், அதை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி அவரது ஐந்து படிகளில் ஒன்றாக இல்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் பகுதிநேர ஆசிரியர்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் நிரந்தர ஒப்பந்தத்துக்கு மாறியது 2022இல்தான், அதுவும் தொழிற்சங்கத்தின் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின்பு. எனது நான்கு வாரத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆகவே பயிற்சியை எதிர்ப்பதல்ல, பயிற்சிக்கான நேரத்தையும் அதன் விளைவான பாடத்தின் உரிமையையும் ஒன்றாகவே கேட்பதுதான் சரியான நிலைப்பாடு என்பது என் அபிப்பிராயம்.

(நாங்களும் யோக்கியமில்லை. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பில் ஆட்கள் வட்டமாக இருந்து சண்டைபிடித்த காலத்தைப் பெருமையாகச் சொல்லும் நாம்தான், 2020இலிருந்து 'சூம்' கூட்டங்களில் இரண்டரை மணிநேரம் உரையாற்றிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தைக் கேள்விக்கு விடுகிறோம்.)

சென்ற இலைதிர்காலத்தில், அதே கல்லூரியில் இன்னொரு பிரிவுக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் அமைத்த பாடத்தை அப்படியே பிரதிபண்ணி அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்துக் கேள்வி ஏன் அங்கே இருக்கிறது, மாணவர்களுக்குப் பிடிபடவில்லையே என்று கேட்டார். அது முதல்முறை என் வகுப்பிலிருந்த ஒரு மாணவி கேட்ட கேள்வி, அவவுக்காகத்தான் போட்டது, உங்கள் ஆட்களுக்குப் பொருந்தாவிட்டால் எடுத்துவிடுங்கோ என்றேன்.

"எடுக்கேலாது," என்றார். "பூட்டித்தான் தந்திருக்கினம்."