செட்டிநாட்டுத் தூணும் பயர் ஆபீஸ் கதவும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இளஞ்சிவப்பு மணற்கல்லில் நிற்கிறது விக்டோரியா நினைவு மண்டபம். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்டது. முகலாய வாசல், முகலாய வளைவு. பதேபூர் சிக்ரியின் சாயல் என்பார்கள். அக்பர் காலத்து மணற்கல்லுக்கும் எழும்பூருக்கும் என்ன ஒட்டு உறவு என்று கேட்டால் பதில் கிடையாது. ஆள்கிறவர்கள் கண்ணுக்கு அது ‘இந்திய’மாகத் தெரிந்தது, அவ்வளவுதான். காலனிய நீக்கம் பேசுகிற இன்றைய அருங்காட்சியகக் கட்டடக்கலை முதலில் இந்த மண்டபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கட்டடத்துக்கு உள்ளூர் வேட்டி கட்டிவிடும் வித்தையை நமக்குக் கற்றுக்கொடுத்ததே காலனி ஆட்சிதான்.

உடுப்பு எதுவானாலும் உள்ளே நடந்த வேலை ஒன்றுதான். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகம் மாகாணத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பொருள்களை வாங்கிச் சேர்த்தது. ஆதிச்சநல்லூரையே எடுத்துக்கொள்வோம். 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் வந்து தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குக் கப்பலேறின. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், இரும்பு வாள், எருமையும் சேவலும் வார்த்த வெண்கலம் எல்லாம் எழும்பூர் வந்து சேர்ந்தன. தாமிரபரணிக் கரைக்காரர் தன் ஊர்ப் பரம்பில் எடுத்ததைப் பார்க்க ராத்திரி ரயில் பிடித்துச் சென்னை வர வேண்டியதாயிற்று. தூண், கூரை எல்லாம் பிற்பாடு. பொருள் எந்த ஊரில் இருக்கும் என்று தீர்மானிப்பதுதான் ஓர் அருங்காட்சியகத்தின் முதல் வரைபடம்.

உலக அளவில் காலனிய நீக்கக் கட்டடக்கலையின் பெருமைகளிலும் உடுப்பு மாறி அதிகாரம் மாறாத இதே சிக்கல் உண்டு. நியூ கலிடோனியாவின் நூமேயாவில் 1998இல் திறந்த ஜிபாவு பண்பாட்டு மையத்துக்கு, கனாக் மக்களின் குடில்களைப் பார்த்து வானுயர மர விலாக்கூடுகளை எழுப்பினார் இத்தாலியரான ரென்சோ பியானோ. கண்ணைப் பறிக்கும் கட்டடம். ஆனால் அந்தத் தீவு இன்றும் பிரான்சின் ஆட்சியில்தான் இருக்கிறது. வாஷிங்டனில் 2004இல் திறந்த அமெரிக்கப் பூர்வகுடி அருங்காட்சியகத்தை வடிவமைத்த டக்ளஸ் கார்டினல் பூர்வகுடி வழிவந்தவர். அவரையே 1998இல் வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். பிரான்சில் 2018இல் ஆப்பிரிக்கக் கலைப்பொருள்கள் பற்றிய சார்–சவாய் அறிக்கை வந்த பிறகு, பேச்சு கட்டடத்தை விட்டுப் பொருளைத் திருப்பித் தருவதன் பக்கம் திரும்பியது. அதுதான் சரியான பக்கம்.

நம் ஊர் முயற்சிகளில் முட்டுக்காடு தட்சிணசித்ராவைச் சொல்லாமல் போக முடியாது. இடிபட இருந்த வீடுகளைப் பிரித்து, கொண்டுவந்து, மறுபடி கோத்து 1996இல் திறந்தார்கள். வடிவமைப்பில் லாரி பேக்கரின் கை உண்டு. வீட்டையே காட்சிப்பொருளாக்கியது பெரிய காரியம்தான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவோடு நிற்க வேண்டும் என்ற பழைய கணக்கை அங்கே எந்தச் சுவரும் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

பிறகு கீழடி. 2023 மார்ச் மாதம் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டுப் பாணியில் முற்றமும் தூணும் ஓடுமாக எழுந்திருக்கிறது. கூட்டம் அலைமோதுகிறது. தோண்டிய மண்ணுக்குப் பக்கத்திலேயே பொருள் நிற்கிறது. இதற்காக எவ்வளவு பாராட்டினாலும் தகும். முதல் இரண்டு கட்ட அகழாய்வில் கிடைத்தவை மைசூருக்குப் போய்விடக் கூடாது என்று நீதிமன்றம்வரை போன வழக்கு நினைவிருக்கும். பாணியில்தான் எனக்கு உறுத்தல். செட்டிநாட்டு வீடு எந்தப் பணத்தில் எழுந்தது? பர்மா, இலங்கை, மலேயா என்று பிரிட்டிஷ் ஆட்சி விரிந்த வழியிலேயே விரிந்த வட்டித் தொழிலின் பணம் அது. பர்மாத் தேக்கும் இத்தாலிய மார்பிளும் கப்பலில் வந்து இறங்கின. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கல் ஊருக்கு அந்த வீட்டை முகமாக வைத்ததில் இர்வினின் நிழல் தெரிகிறது. ‘பழசு போலத் தெரிந்தால் போதும்’ என்ற அதே திருப்தி.

விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் விளையாட்டுச் சில்லு என்று ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அரண்மனைச் சரக்கு இல்லை, கைவேலைக்காரர்கள் வாழ்ந்த ஊரின் சரக்கு. அந்தக் கைவேலை இன்னும் ஓயவில்லை. அதே வட்டாரத்தில்தான் வெடிக்குத் திரி வைக்கிறார்கள்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அதனால் அச்சு வந்தது. அச்சோடு காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் குடியேறிய கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் சுவரேறினார்கள். இதை ஆராய்ந்து கஜ்ரி ஜெயின் எழுதிய ஆங்கிலப் புத்தகம் அமெரிக்காவில் 2007இல் வெளியாயிற்று. படம் அச்சான ஊர் அந்தப் படங்களை எப்படிக் காட்டிக்கொள்ளப் போகிறது?

கட்டடத்துக்கு மாதிரி தேடி வெளியூர் போக வேண்டாம். பயர் ஆபீஸை, அதாவது பட்டாசு ஆலையைப் பாருங்கள். கரிசல் காட்டில் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் ஆகாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும், ஓடித் தப்பிக்க. மருந்து இருக்கும் இடத்தைச் சுற்றி மண் கரை. உள்ளே தரையில் உட்கார்ந்து மருந்து செலுத்தும் பெண்ணின் கை முழங்கைவரை அலுமினியப் பவுடரில் வெள்ளியாக மின்னும். இந்த அறையை வரைந்தது எந்தக் கட்டடக் கலைஞரும் இல்லை, 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம். இன்று நடப்பிலுள்ள 2008 விதிகளும் அந்த வெள்ளைக்காரச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. ஆக, இந்த வட்டாரத்தின் தனிப் பாணியிலும் காலனியம் இருக்கிறது. அதைத் துடைத்தெறியச் சொல்லவில்லை. அந்த விதிதான் உயிரைக் காக்கிறது. அதை மீறி அறைக்குள் ஆளையும் மருந்தையும் அடைத்தால்தான் சாவு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் நாற்பது பேரளவில் மாண்டார்கள். உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்களும் அதில் சேர்த்தி.

சிவகாசியில் ஓர் அருங்காட்சியகம் எழுமானால் அது ஒரே பெரிய மண்டபமாக இருக்கக் கூடாது என்பேன். எட்டி எட்டி நிற்கும் அறைகள், உள்ளே நான்கு நான்கு பேராக, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. ஒன்றில் லேபிள், ஒன்றில் கல் அச்சு, ஒன்றில் மாண்டவர் பெயர்கள். ஆனால் பெயர்களை விட்டுவிட்டு அறையை மட்டும் கட்டினால் அதுவும் இன்னொரு வேட்டிதான்.

இதற்கு முன்னோடி உண்டு. விஷவாயுவில் தப்பியவர்கள் போபாலில் 2014இல் திறந்த நினைவு அருங்காட்சியகம் அரசிடமோ கம்பெனியிடமோ காசு வாங்கவில்லை. தப்பியவர்களின் குரலையே அங்கே காதில் கேட்கலாம். சிவகாசியிலும் குரலுக்குப் பஞ்சமில்லை. குழந்தைத் தொழிலாளர் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த சிறுமிகளுக்கு இன்று நாற்பது வயது.

தொல்லியல் துறையோ அருங்காட்சியகத் துறையோ இந்த மாவட்டத்தில் அடுத்த கட்டடத்துக்கு டெண்டர் விடும் முன், வடிவமைப்புக் குழுவில் ஒரு போர்மேனும் மருந்து செலுத்தும் ஒரு பெண்ணும் விஜயகரிசல்குளத்தில் மண் அள்ளிய ஒருவரும் உட்கார வேண்டும். யோசனை சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களாக இல்லாமல், வரைபடத்தை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு.