மரைக்காரின் தமிழும் எங்கள் தமிழும்

சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் வாப்பாவின் தையற்கடை இருந்தது. இரண்டு சிங்கர் மெசின், துணி வெட்டும் நீண்ட மேசை, சுவரில் அறைந்த பலகைத்தட்டில் ஒரு வானொலிப்பெட்டி. எழுபதுகளில் அந்தப் பெட்டியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடங்கும் நேரத்துக்குக் கடையில் இடம் இராது. பலாப்பழம் விற்க மட்டுவில் பக்கமிருந்து வந்தவர்கள், பக்கத்து வெற்றிலைக் கடை அண்ணை, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் வாசலில் கூடிவிடுவார்கள். வாப்பா மெசினை நிறுத்திவிடுவார். நான் காசா தைக்கிற பையன். ஊசியைக் காலருக்குள் குத்தி வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பேன்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் அந்த வாராந்த நகைச்சுவை நாடகத்தைப் பற்றி நமது இலக்கிய வட்டங்களில் ஒழுங்காக யாரும் எழுதவில்லை என்பது என் நெடுநாளைய குறை. வானொலி நாடகம் இலக்கியமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நகைச்சுவை என்றால் அவர்களுக்கு இன்னும் ஒரு படி இளக்காரம். ஆனால் முஸ்லிம் ஒருவனின் பேச்சு வாரந்தவறாமல் முழு நாட்டுத் தமிழரின் வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தது அதன் மூலம்தான். நமது சிறுகதைகள் அத்தனையும் சேர்ந்து அந்தத் தூரத்துக்குப் போகவில்லை. அதைப் பேசாமல் முஸ்லிம் பேச்சு வழக்கு பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை.

நான்கு பேர். மரைக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர். மரைக்கார் கொழும்புச் சோனகர். அப்புக்குட்டி அசல் யாழ்ப்பாணத்தான். உபாலி தமிழைச் சிங்கள நாக்கால் உடைத்துப் பேசுபவர். ஐயர் அக்கிரகாரத்துத் தமிழ். இனி நடித்தவர்களைப் பாருங்கள். மரைக்காராக நடித்ததும் நாடகத்தை எழுதியதும் எஸ். ராம்தாஸ்; அவர் முஸ்லிம் அல்ல. ஐயராக வந்தவர் பீ. எச். அப்துல் ஹமீத், அவர் முஸ்லிம். சிங்களவரான உபாலியாக வந்தவர் எஸ். செல்வசேகரன் என்ற தமிழர். அப்புக்குட்டியாக டி. ராஜகோபால். சோனகனைத் தமிழனும், ஐயரை முஸ்லிமும், சிங்களவனைத் தமிழனும் பேசினார்கள். இது வேடிக்கைக்காகச் செய்த மாற்றமா, கையில் கிடைத்த கலைஞர்களுக்கு அமைந்துபோனதா என்பது ஒரு புறம் இருக்கட்டும். கேட்பவனுக்கு அது இரட்டை இன்பம். ஐயரின் வாயிலிருந்து வருவது ஹமீதின் குரல் என்று தெரிந்தே எங்கள் கடையில் சிரித்தார்கள்.

வானொலியில் முகம் இல்லை. ஒரு பாத்திரம் வாய் திறந்த அடுத்த நொடியே இவர் யார் என்று தெரியவேண்டும். ராம்தாஸ் அதற்குக் கண்ட வழி பேச்சு வழக்கையே முகமாக்கியது. வாரம் ஒரு முறை நான்கு தமிழில் எழுதுவதென்பது லேசான காரியமல்ல. ஒரு தமிழில் ஒழுங்காக எழுதவே நம்மில் பலர் திணறுகிறோம். யாழ்ப்பாணப் பேச்சு ராம்தாஸுக்கு முன்பே வானொலியில் ஏறிவிட்டது. சானா சண்முகநாதனின் ‘இலண்டன் கந்தையா’வை என் வாப்பாவின் தலைமுறை மறக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கு தன் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது. இங்கே நான்கு வழக்கும் ஒரே கூரைக்குக் கீழ் வந்து முட்டிக்கொண்டன.

முட்டலில் என்ன கிடைக்கும் என்பதற்கு நாடகத்திலிருந்து எடுக்காமல் எங்கள் கடையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கொழும்பிலிருந்து துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர், “வாப்பாவோட பேசிட்டுப் போறன்” என்றார். வெற்றிலைக் கடை அண்ணை பதறிக்கொண்டு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவதற்குக் கதைப்பது என்று சொல்வார்கள். “ஏன் நானா, நீங்கள் என்ன பிழை விட்டனீங்கள், அந்தாள் பேசப்போறன் எண்டு நிக்குது?” என்று வாப்பாவைக் கேட்டார். அதே வியாபாரி தைத்த சட்டையைப் பார்த்து “மிச்சம் நல்லம்” என்றபோது, மிச்சம் விட்ட துணியைத்தான் கேட்கிறார் என்று வாப்பா துண்டுத்துணிகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது ‘மிகவும் நல்லது’. இப்படிப்பட்ட தடுக்கல்களிலிருந்துதான் அந்த நாடகம் எழுந்தது. அதற்குத் தனியாக நகைச்சுவைத் துணுக்குத் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மரைக்கார் பாத்திரம் முஸ்லிம்களைக் கேலி செய்கிறது என்ற முறைப்பாடு நம்மவரிடையே அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. தமிழ் நாடகங்களிலும் படங்களிலும் முஸ்லிம் வந்தால் ஒன்றில் அத்தர் விற்பான், அல்லது வட்டிலப்பம் பற்றிப் பேசுவான், இடைக்கிடை ‘அல்லாவே’ என்பான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கேலி எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாடகத்தில் எல்லாரும் செந்தமிழ் அல்லது பொதுத்தமிழ் பேச, ஒருவன் மட்டும் வழக்குத் தமிழ் பேசினால் அவன் கோமாளி. சிரிப்பவர்கள் ஒரு பக்கம், சிரிக்கப்படுபவன் மறுபக்கம். ‘கோமாளிகளின் கும்மாள’த்தில் பொதுத்தமிழ் பேசும் ஆளே இல்லை. சிரிப்பவன் நிற்பதற்கு நடுவான திண்ணை ஒன்று கிடையாது. மரைக்காரைப் பார்த்து அப்புக்குட்டி சிரித்தால் அடுத்த வாயில் அப்புக்குட்டிக்குத் திரும்பி விழும். பெயரே பன்மையில்தான் இருக்கிறது. ஒருவர் கதாநாயகர், மற்றவர்கள் துணை என்ற ஏற்பாடும் இல்லை. நால்வரில் ஒருவரை எடுத்துவிட்டால் மற்ற மூவரும் உதிர்ந்துபோவார்கள்.

இதைச் சொல்லிவிட்டு என் பக்கத்து முறைப்பாட்டையும் சொல்லவேண்டும். அது மேலே சொன்ன முறைப்பாடு அல்ல. மரைக்கார் பேசியது நாங்கள் பேசாத தமிழ். ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்பதும், ‘சொல்லுறது’ என்பதைச் ‘செல்லுறது’ என்பதும் கொழும்பிலும் தெற்கிலும் உள்ள வழக்கு. சாவகச்சேரியில் எங்கள் வீட்டில் வாப்பா, உம்மா, நானா, ராத்தா என்ற சொற்களையும் மார்க்கச் சொற்களையும் நீக்கிவிட்டால் மிகுதி முழுவதும் தென்மராட்சித் தமிழ்தான். ‘ஓம்’ என்றோம், ‘கதைச்சோம்’, ‘வந்தவர், போனவர்’ என்றோம். காதால் பார்த்தால் நான் அப்புக்குட்டி. ஆனால் வானொலி நிகழ்ச்சி பரவிய பிறகு வெற்றிலைக் கடை அண்ணை வாப்பாவை நானா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு “என்ன மரைக்கார்” என்று கூப்பிடத் தொடங்கினார். நான் ‘மரைக்கார்ர பெடியன்’ ஆனேன். அன்போடு சொன்னதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பக்கத்துக் கடையில் இருபது வருடம் காதால் கேட்ட எங்கள் பேச்சை விட, பெட்டியிலிருந்து வந்த பேச்சுத்தான் சோனகனின் பேச்சு என்று அவருக்குப் பதிந்துபோனது. வடக்கு முஸ்லிமுக்கு அந்த நால்வரில் இடம் இல்லை. பெயரால் மரைக்காரோடும் நாக்கால் அப்புக்குட்டியோடும் நாங்கள் பங்கு போடப்பட்டிருந்தோம்.

1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாக வந்தது. ராம்தாஸின் கதை, எஸ். இராமநாதன் இயக்கம். வானொலியின் நால்வரோடு சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் நடித்தார்கள். இலங்கைத் தமிழ்ப் படங்களுள் சனங்கள் விரும்பிப் பார்த்த மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. அடுத்த வருடம் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ எத்தனையோ மடங்கு கலையுணர்வுள்ள படம். அதைப் பார்க்க ஆளில்லை. வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வானொலியை விடப் படம் எனக்குக் குறைவாகவே பட்டது. குரலுக்குள் இருந்ததெல்லாம் உடுப்புக்கும் ஒப்பனைக்கும் இடம் மாறிவிட்டது. வானொலியில் ராம்தாஸ் ஒரு முஸ்லிமாகப் பேசினார். திரையில் முஸ்லிம் உடுத்த ராம்தாஸைக் கண்டோம். கண்ணுக்குத் தெரிந்த உடனே ஹமீதின் ஐயரும் வேடம் போட்ட ஐயர் ஆகிவிட்டார். காதில் இருந்த நம்பிக்கை கண்ணில் நிற்கவில்லை.

பல வருடம் கழித்துப் புத்தளத்தில் என் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்டு எட்டிப் பார்த்தேன். ‘லொள்ளு சபா’. ராம்பாலா இயக்கத்தில் 2000களில் விஜய் டிவியில் ஓடிய நிகழ்ச்சி. ஓடிய படங்களை எடுத்துத் தலைகீழாக்கி நடிப்பார்கள். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், பாலாஜி, ஈஸ்டர், சேசு என்று ஒரு கூட்டம். சந்தானம் சினிமாவுக்குப் போன பிறகு ஜீவா முன்னால் வந்தார், கூட்டம் கலையவில்லை. அதுவும் தனியாள் நகைச்சுவை அல்ல. மனோகர் கையையும் காலையும் தனித்தனி ஆள் ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டு வசனத்தை இழுப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். பெரிய கதாநாயகர்களின் வீறாப்பைப் பத்து ரூபாய்ச் செலவில் கவிழ்த்த கெட்டித்தனம் அதில் உண்டு. அங்கே ஆளை ஊராலோ சாதியாலோ மார்க்கத்தாலோ அடையாளம் காட்டவேண்டிய பாரம் இல்லை. உடம்பும் குரலும் போதும். அதனால் அது லேசாகப் பறந்தது. ஆனால் அசல் படத்தைப் பார்க்காதவனுக்குப் பாதிச் சிரிப்பு இல்லை. சினிமாவிலிருந்து எடுத்துச் சினிமாவுக்கே கொடுக்கிறது. ராம்தாஸ் சந்தையிலிருந்து எடுத்தார். அதனால் சந்தையில் ஒருவன் காயப்படவும் இடம் இருந்தது.

புத்தளத்துக்கு நான் எப்படிப் போனேன் என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் 1990 ஒக்டோபர் 15ஆம் திகதி சாவகச்சேரியில்தான் தொடங்கியது. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களின் முறை ஒக்டோபர் 30. ஆயுதத்தோடு வந்தவர்கள் எங்களோடு கதைத்தது சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில். நாங்களும் அதே தமிழில்தான் கெஞ்சினோம். மெசினும் மேசையும் பலகைத்தட்டில் இருந்த வானொலிப்பெட்டியும் அப்படியே கிடந்தன.

புத்தளத்தில் எங்களுக்கு இடம் தந்த சனங்களை எந்தக் காலமும் மறக்கமுடியாது. ஆனால் அங்கே போன முதல் கிழமையே, நான் வாய் திறந்ததும் ஒரு பெரியவர் சிரித்துவிட்டு, “இவரு நம்மட ரேடியோ அப்புக்குட்டி மாதிரியெல்லோ!” என்றார். அவரும் அந்த நாடகத்தின் ரசிகர். முகாமில் தண்ணீர் வரிசையிலும், பள்ளிவாசல் முற்றத்திலும், பிள்ளைகளின் வகுப்பிலும் எங்களைக் காட்டிக்கொடுத்தது எங்கள் ‘ஓம்’தான். முஸ்லிம் ஆனபடியால் அனுப்பப்பட்ட இடத்தில் யாழ்ப்பாணத்தான் ஆனேன். மூத்தவள் ஆறு மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டாள். எனக்குச் சில வருடம் பிடித்தது.

ராம்தாஸ் 2016இல் சென்னையில் காலமானார். செல்வசேகரன் அதற்கு முன்பே, 2012இல். இருவருக்கும் எழுதப்பட்ட அஞ்சலிகளில் பழைய நாட்களின் இனிமை நிறைய இருந்தது. அந்த நான்கு தமிழ்களுக்கும் பிறகு என்ன நடந்தது என்ற கேள்வி இல்லை. நான்கு பேர் ஒரு வீட்டில் சண்டை பிடித்துச் சிரித்த காலத்திலேயே, 1977 ஓகஸ்டில், வெளியே வேறு வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. நாடகத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நால்வரையும் ஒரு வீட்டில் இருத்தியது அந்த எழுத்துக்காரரின் கற்பனை. அந்தக் கற்பனையை நம்பிய கேட்போரில் நானும் ஒருவன்.

2002இல் பாதை திறந்ததும் சாவகச்சேரிக்குப் போனேன். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் பட்டினம் நொறுங்கிக் கிடந்தது. கடை இருந்த இடத்தில் அரைச் சுவரும் ஆமணக்கும். கண்டி வீதியோரம் ஒரு தகரக் கொட்டிலில் வெற்றிலைக் கடை அண்ணை இருந்தார், கண் மங்கிவிட்டது. என் குரலைக் கேட்டதும் தலையைச் சரித்துக் கேட்டார்.

“ஆரது, மரைக்கார்ர பெடியனே?”

“ஓம் அண்ணை. வாப்பா மௌத்தாகிட்டாங்க. மத்தாக்களெல்லாம் புத்தளத்தில ஈக்கிறாங்க” என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் வெற்றிலையை மடித்துத் தந்துகொண்டே சிரித்தார்.

“தம்பி, இப்பத்தான் நீர் றேடியோ மரைக்கார் மாதிரிக் கதைக்கிறீர்.”