பெட்டி இருக்கு, கணக்கில் இல்லை

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன். குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் பண்டிகை. நம் ஊர் ஜவுளிக்கடைகளுக்குத் தீபாவளி எப்படியோ, அங்கே மிட்டாய்க் கம்பெனிகளுக்கு இது. 1999-ல் அந்த சீசனில் ஹெர்ஷி கம்பெனியிடம் சாக்லேட் இருந்தது. கடைக்காரர்களின் ஆர்டரும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் விழுந்தது.

பழி, 11.2 கோடி டாலர் செலவழித்துப் போட்ட புது சாஃப்ட்வேர் மேல்.

இந்த வகை சாஃப்ட்வேருக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, விற்பனை, சம்பளம் என்று ஒவ்வொரு இலாகாவும் தனித்தனி நோட்டு போட்டுக்கொண்டு, மாசக் கடைசியில் 'உன் கணக்கு தப்பு, என் கணக்கு சரி' என்று அடித்துக்கொள்ளாமல், எல்லோரும் ஒரே நோட்டில் எழுதுவது. சொல்ல எளிது. ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் 1972-ல் ஜெர்மனியில் ஆரம்பித்த எஸ்.ஏ.பி. இதில் பெரிய கை. ஹெர்ஷி வாங்கியதும் அதைத்தான். கூடவே இன்னும் இரண்டு கம்பெனிகளின் சாஃப்ட்வேர்.

முழுசாகப் போட 48 மாதம் வேண்டும் என்றார்கள் நிபுணர்கள். 30 மாதத்தில் முடியுங்கள் என்றது நிர்வாகம். 2000 பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் தடுமாறும் என்று உலகமே பயந்த நேரம் அது. ஏப்ரலில் ஆரம்பிப்பதாக இருந்தது ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. ஜூலை என்பது ஹாலோவீன் ஆர்டர்கள் வந்து குவிய ஆரம்பிக்கும் மாதம். அப்போது மூன்று சாஃப்ட்வேரையும் ஒரே நேரத்தில் உசுப்பிவிட்டார்கள். கல்யாணத்தன்று காலையில் சமையல்காரரை மாற்றுவது மாதிரி.

இந்த அவசரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பண்டிகைக்கு முன்னால் சரக்கு பெருகி, கிடங்கு கொள்ளாமல் போனால், கிடைத்த இடத்தில் எல்லாம் பெட்டிகளை அடுக்கிவைப்பது அங்கே வழக்கம். அந்த இடங்கள் எதுவும் கிடங்கு என்று சாஃப்ட்வேரில் பதிவாகவில்லை. பதிவில் இல்லாத இடத்தில் இருக்கும் பெட்டி, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. கண்ணுக்கு முன்னால் சாக்லேட் மலை. ஸ்க்ரீனில் 'சரக்கு இல்லை'!

இது சாஃப்ட்வேரின் தப்பா? அது சொன்னதைக் கேட்டது. சொல்லவேண்டிய விஷயம் கிடங்கில் வேலை செய்தவர்கள் மண்டையில் இருந்தது. கான்ஃபரன்ஸ் ரூமுக்கு வந்துசேரவில்லை.

அதே ஹெர்ஷி 2002-ல் அதே எஸ்.ஏ.பி.யின் அடுத்த பதிப்புக்கு மாறியது. இந்த முறை அவசரப்படவில்லை; திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார்கள். போட்ட பட்ஜெட்டைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவான செலவில் வேலை முடிந்தது. கம்பெனி அதே, சாஃப்ட்வேர் அதே. மாறியது பொறுமை மட்டும்தான்.

இதற்கு நேர் எதிர் திசையிலும் கவிழலாம். ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட்காரர்கள் 2011-ல் எஸ்.ஏ.பி. வேலையை ஆரம்பித்தார்கள். கையிருப்புச் சரக்கை வாங்கின விலையில் மதிப்பிடுவது லிடில் பழக்கம். சாஃப்ட்வேரோ விற்கிற விலையில் கணக்குப் பண்ணும்படி அமைந்தது. லிடில் விட்டுக்கொடுக்கவில்லை, சாஃப்ட்வேரைத் தன் உடம்புக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தைக்கச் சொன்னது. வெட்ட வெட்ட, தையல் பிரிந்துகொண்டே போனது. 2018-ல், சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு, மொத்தத்தையும் மூட்டை கட்டினார்கள்.

லிடிலின் பழக்கம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. வாங்கின விலையில் கணக்கு வைப்பதற்கும் நியாயம் உண்டு. ஆனால், பழக்கம் வளையவேண்டுமா, சாஃப்ட்வேர் வளையவேண்டுமா என்பதை முதல் மாதமே முதலாளி உட்கார்ந்து முடிவு பண்ணவேண்டும். அது கம்ப்யூட்டர் இலாகா தீர்க்கிற விஷயமே இல்லை.

இப்படி ஒரு திட்டம் கவிழ்ந்ததும் ஓர் அறிக்கை வரும். அதில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'ஊழியர்கள் மாற்றத்துக்கு ஒத்துழைக்கவில்லை.' படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஒத்துழையாமை என்று இவர்கள் சொல்வதில் பாதி, 'சார், இங்கே வேலை அப்படி நடக்கிறதில்லை' என்ற தகவல். காசு கொடுத்தாலும் கன்சல்டன்ட்டிடம் கிடைக்காத தகவல். அதைச் சொன்னவனுக்கு நாம் வைக்கிற பெயர் பழைய பஞ்சாங்கம்.

கோடிக்கணக்கில் கையெழுத்துப் போடப்போகிற நிர்வாகிகள், பேனாவை எடுப்பதற்கு முன் ஒருமுறை கிடங்குக்குப் போய், அங்கே நிற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'இடம் போதலைன்னா பெட்டியை எங்கேப்பா வைப்பே?'

அவர் பதில் சொல்லும்போது குறித்துக்கொள்ள ஒரு ஆள் கூட இருந்தால் நல்லது.