ஆப்பும் நாழியும்

பத்மல் டி சில்வாவின் கட்டுரைகளைப் பற்றி எழுதுமுன் ஒரு சொந்த விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் இந்த விமர்சனம் நாணயமாக இராது.

பல வருஷங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம், திருவையாற்றுப் படித்துறையில் இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கையை விட்டால் என்ன என்று ஓர் எண்ணம். கோபமில்லை, குழந்தைமேல் சலிப்புமில்லை. தண்ணீரைப் பார்த்தேன், வந்தது. பிறகு மாதக்கணக்கில் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டாமலிருக்க ஏதேதோ சாக்குச் சொன்னேன். மனைவியிடமும் வாய் திறக்கவில்லை. நம் புதுக்கவிதையில் இருளும் பாதாளமும் மலிந்து கிடந்த காலம் அது. அவ்வளவு இருளிலும் என்னுடைய இந்தச் சின்ன எண்ணத்துக்கு இடமிருக்கவில்லை.

டி சில்வா இலங்கையில் பிறந்தவர். லண்டன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சைக்கியாட்ரியில் நடத்தைச் சிகிச்சையாளராகப் பணியாற்றி, 2007-ல் மறைந்தார். அவரும் ஸ்டான்லி ராக்மனும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளுக்கு வரும் வேண்டாத எண்ணங்களையும் நோயில்லாதவர்களுக்கு வருவனவற்றையும் ஒப்பிட்டது. நோயில்லாதவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்கு இத்தகைய எண்ணங்கள் வருகின்றன. உள்ளடக்கத்தில் பெரிய பேதமில்லை. நோயாளிக்கு அடிக்கடி வருகிறது, நெடுநேரம் தங்குகிறது, உதற முடிவதில்லை. அவ்வளவுதான். நண்பர் கொடுத்த ஜெராக்ஸ் பிரதியில் இதைப் படித்த அன்று நான் தூங்கினேன் என்பதை விமர்சன மதிப்பீடாகவே பதிவு செய்கிறேன்.

பௌத்தத்துக்கு வருகிறேன். 1985-ல் டி சில்வா எழுதிய கட்டுரை, மஜ்ஜிம நிகாயத்தின் விதக்கசண்டான சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறது. வேண்டாத எண்ணத்தைக் கையாள ஐந்து வழிகளை அந்தச் சூத்திரம் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நவீன சிகிச்சையின் ஓர் உத்தியை வைத்துக் காட்டுகிறார் டி சில்வா. எதையும் நம்பச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்கிறார். 'இதெல்லாம் அன்றே நம்மவர் சொன்னதுதான்' என்று மார்தட்டுகிறவர்களிடையே இந்த அடக்கம் அபூர்வம்.

அந்த இணைவைப்பில்தான் எனக்குத் தகராறு. சூத்திரத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஓர் உவமை உண்டு. பெரிய ஆப்பைச் சிறிய ஆப்பால் தட்டி வெளியேற்றும் தச்சன். அலங்காரப் பிரியனான இளைஞன் கழுத்தில் தொங்கும் நாய்ப்பிணம். அப்புறம் ஒருவன்: வேகமாக நடந்து போகிறவன், ஏன் வேகமாக நடக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு மெதுவாக நடக்கிறான், ஏன் நடக்கிறேன் என்று நிற்கிறான், உட்காருகிறான், படுக்கிறான். இந்த நான்காம் மனிதனுக்கு எந்த உத்தியின் பெயரைக் கொடுத்தாலும் அவன் காணாமல் போய்விடுகிறான். உவமை இங்கே விஷயத்தின்மேல் போட்ட உறையல்ல; அதுவேதான் மருந்து. பல்லைக் கடித்து எண்ணத்தை நசுக்குவது ஐந்தாவதாக, மற்றதெல்லாம் பலிக்காதபோது வருகிறது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் கரடிதான் வரும் என்று டேனியல் வெக்னர் 1987-ல் காட்டினார். படித்துறைக்குப் பிந்தைய மாதங்களில் நான் நேரே ஐந்தாவதிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

1984-ல் வந்த இன்னொரு கட்டுரையில் கோசல அரசன் பசேனதி வருகிறான். மூச்சு வாங்குமளவு சோறு தின்கிறவன். புத்தர் ஒரு செய்யுள் சொல்கிறார். சுதஸ்ஸன் என்ற இளைஞன் அதைப் பாடம் பண்ணி, அரசன் சாப்பிடும்போதெல்லாம் பக்கத்திலிருந்து சொல்கிறான். கடைசியில் அரசன் ஒரு நாழிச் சோற்றில் நிற்கிறான். மூலத்திலும் அந்த அளவு 'நாளி'தான். நெல் அளக்கும் ஊர்க்காரனுக்கு உரை வேண்டாம். டி சில்வாவுக்கு இது நடத்தை மாற்றத்துக்கு உதாரணம். நியாயம்தான். ஆனால் சோற்றைக் குறைத்தது, வேளை தவறாமல் பக்கத்தில் நின்ற ஒருவனின் வாயிலிருந்து வந்த செய்யுள். கவிதைக்கு உபயோகம் என்றாலே முகம் சுளிக்கும் நம் நண்பர்கள் சுதஸ்ஸனின் தினக்கூலியைக் கேட்டால் மூர்ச்சை போடுவார்கள்: நூறு கஹாபணம்.

இந்த மரபு நம் மண்ணுக்கு அந்நியமல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் சோழநாட்டுப் புத்ததத்தர், மனத்தைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்கும் 'அபிதம்மாவதார'த்தைக் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்துதான் எழுதினார். அந்த ஊரின் பல்லவனேச்சுரத்தில் ஒரு விகாரையின் அடித்தளத்தைத் தோண்டியும் எடுத்திருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் பிக்குகளுக்காகப் பாலியில் எழுதிய அந்த நூல், அதே ஆற்றின் மேற்கே நின்ற எனக்கு வந்து சேரவில்லை. வந்தது லண்டனின் கேள்வித்தாள். நீ ராட்சசன் இல்லை என்று அது சொன்னது. சூத்திரத்தில் அந்தப் பேச்சே இல்லை. எண்ணத்தோடு எப்படி நடப்பது என்று சூத்திரம் சொன்னது. கேள்வித்தாளுக்கு அது தெரியாது. இரண்டும் வெவ்வேறு வேலை செய்தன. டி சில்வா இரண்டையும் ஒரே வேலைக்கு ஆளெடுத்துவிட்டார் என்று படுகிறது.

போன ஆடியில் மகள் தன் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அதே படியில் இறங்கினாள். எண்ணம் வந்தது. ஒரு படி மேலேறி உட்கார்ந்துகொண்டேன்.