அடியும் சான்றும்

தற்காப்புக் கலைத் திரைப்படங்களைத் திறனாய்வாளர் பலர் பொருட்படுத்துவதில்லை. எழுத்தாளர் கூட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேச எழுந்தால் முகஞ்சுளிப்போரும் உளர். ஆயினும் ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் திணறும் மாணவன், புரூஸ் லீ நடித்த படங்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கிறான். இளையோர் உள்ளத்தில் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய ஒன்றை ஆராயாமல் ஒதுக்குவது முறையாகாது.

இப்படங்களுள் ஒரு வகை, போதைப்பொருள் கடத்தலைத் துப்பறியும் கதையையும் வெறுங்கைச் சண்டையையும் ஒன்றாகப் பிணைப்பதாகும். துப்பறிதலுக்கு வேண்டியது சான்று. சான்று கிடைத்ததும் அதைக் காத்து நீதிமன்றம் வரை கொண்டு சேர்க்க வேண்டும். சண்டைக்கோ எதிரி ஒருவன் எதிரே நின்றால் போதும். இவ்விரண்டையும் ஒரே கதையில் பொருத்துவது எளிதன்று. பொருத்திய இடங்களில் எது எதை விழுங்கியது என்பதே நாம் காண வேண்டுவது.

1971-இல் வெளிவந்த ‘தி பிக் பாஸ்’ இவ்வகைக்கு நல்ல தொடக்கம் எனலாம். தாய்லாந்துக்குப் பிழைக்க வந்த சீன இளைஞன் ஒருவன் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். சண்டையிடுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்தவன் அவன். பனிப்பாளம் ஒன்று தற்செயலாக உடையவே, உள்ளிருந்த போதைத்தூள் வெளிப்படுகிறது. அதைக் கண்ட தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற்போகின்றனர். இறுதியில் அவனே ஓர் இரவில் அத்தொழிற்சாலைக்குள் நுழைந்து, பனிக்குள் தூளையும் தன் உறவினரின் உடல்களையும் காண்கிறான். துப்பறியும் கதைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்? ஆயின் அவன் காவல் நிலையத்திற்குச் செல்லவில்லை. முதலாளியை நேரில் சென்று கொன்ற பின்னரே காவலர் வருகின்றனர். அவர்கள் கைது செய்வதும் அவனைத்தான்! அந்த முடிவில் ஒரு நேர்மை உண்டு. கொலை கொலையே என்று படம் ஒப்புக்கொள்கிறது. பின்வந்தவை பல இந்த நேர்மையைக் கைவிட்டன.

ஈண்டு ஒரு சிறு செய்தியையும் குறிப்பிட வேண்டும். கடத்தற்காரர் கையில் துப்பாக்கி இருந்தால் குங்ஃபூவுக்கு வேலையில்லை. ஆதலால் துப்பாக்கியை எப்படி அகற்றுவது என்பது இக்கதைகளின் தீராச் சிக்கல். 1973-இல் வந்த ‘எண்டர் தி டிராகன்’ படத்தில் ஹான் என்னும் அபின் வணிகன் தன் தீவில் துப்பாக்கியையே தடை செய்துள்ளான். நம்புவதற்குச் சற்றுக் கடினந்தான். ஆயினும் அந்த ஒரு விதியால் கதை நிற்கிறது.

ஜாக்கி சான் இயக்கி நடித்த ‘போலீஸ் ஸ்டோரி’ (1985) இவ்வகையில் தலைசிறந்தது என்பது என் கருத்து. பேரங்காடியில் கண்ணாடிகள் நொறுங்கும் சண்டையையும், மின்விளக்குகள் சுற்றிய கம்பத்தில் அவர் உச்சியிலிருந்து சறுக்குவதையும் எல்லாரும் போற்றுவர். நான் போற்றுவது நீதிமன்றத்தை. போதைப்பொருள் தலைவன் கைதாகிறான். அவனுடைய செயலாளரான பெண் சாட்சி சொல்ல வேண்டும். அவள் அஞ்சித் தன் பாதுகாப்பை ஏற்கட்டும் என்பதற்காக நாயகனே உடன் பணியாற்றும் ஒருவரைக் கொண்டு பொய்த் தாக்குதல் ஒன்றை நடத்துகிறார். அவ்வஞ்சகத்தை அவள் அறிந்துகொள்கிறாள். விளைவு யாது? வழக்கு நாளில் அவள் வரவில்லை. ஒலிப்பதிவும் பயனற்றுப் போகிறது. கடத்தற்காரன் வெளியே நடந்து செல்கிறான். எதிரியின் வலிமையால் அன்று, நாயகனின் பொய்யால் வழக்கு வீழ்ந்தது என்று ஒரு சண்டைப்படம் துணிந்து காட்டுவது அரிதினும் அரிது.

அத்துணிவு இறுதிவரை நிலைக்கவில்லை என்பதே குறை. கணினியிலிருந்து எடுத்த சான்றுகள் பேரங்காடியில் கைக்கெட்டிய பின்னும், பிடிபட்ட தலைவனையும் அவனுடைய வழக்கறிஞரையும் நாயகன் அடித்து நொறுக்க, படம் முடிகிறது. அரங்கில் கைதட்டல் எழும். அடிபடுகிறவர் வழக்கறிஞர் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் செய்த குற்றம் தம் கட்சிக்காரருக்காக வாதாடியது ஒன்றே. பாதிப் படம் கற்பித்த பாடத்தை மீதிப் படம் அழித்துவிடுகிறது. வகுப்பில் இப்படிப் பாடம் நடத்தும் ஆசிரியரை நாம் பாராட்டுவோமா?

அதன் மூன்றாம் பாகமான ‘சூப்பர் காப்’ (1992) நமக்கு மிக அணித்தானது. ஈப்போவில் பிறந்த மிச்செல் இயோ அதில் நடித்து, மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஓடும் இரயிலின் மேல் தாமே இறங்கினார். இறுதிப் பகுதி கோலாலம்பூரிலேயே நிகழ்கிறது. கடத்தற்காரனின் மனைவி இங்குத் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருக்கிறாள். வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணை அறிந்தவள் அவளே. மறைவேடத்தில் கும்பலுக்குள் புகுந்த நாயகனின் உயிர் அவர் பேசும் பொய்களில் தொங்குகிறது. அவ்வளவு அடி உதையிலும் கலையாத அவ்வேடம், அவர் காதலி மின்தூக்கியில் தோழியிடம் கூறும் ஒரு சொல்லால் கலைகிறது. இக்காட்சிக்குக் குங்ஃபூ தேவைப்படவில்லை. துப்பறியும் நாடகத்தின் உயிர் இங்கேதான் துடிக்கிறது.

அத்தண்டனை வெறுங்கற்பனையன்று. போதைப்பொருள் கடத்தலுக்கு நம் நாட்டில் 1983 முதல் கட்டாய மரண தண்டனை இருந்தது. அக்கட்டாயம் 2023-இல் நீக்கப்பட்டது. 15 கிராமோ அதற்கு மேலோ ஹெராயின் வைத்திருப்பவர் கடத்துபவராகவே கருதப்படுவார் என்றும், அதை மறுக்கும் பொறுப்பு அவருடையது என்றும் சட்டம் கூறுகிறது. ஆகவே ஒரு பொட்டலத்தின் எடையில் ஓர் உயிர் நிற்கும். அப்பொட்டலத்தை எடுத்தவர் யார், முத்திரையிட்டவர் யார், ஆய்வுக்கூடம் செல்லும்வரை அது எவர் கையில் இருந்தது என்னும் வினாக்களில் எவ்வளவு நாடகம் உண்டு! சண்டைப்படத்தார் இதைத் தொடுவதே இல்லை. தூளைப் பையில் ஒருமுறை காட்டிவிட்டு அப்பால் செல்கின்றனர். அத்தூளுக்கு அடிமையானவனின் வீட்டையும் அவன் தாயையும் அவர்கள் காட்டுவதில்லை. அத்தகைய வீடுகளை நம் தோட்டப்புறங்களிலும் அடுக்குமாடிகளிலும் கண்டவர்கள் நாம்.

இந்தோனேசியாவிலிருந்து 2011-இல் வந்த ‘தி ரெய்ட்’ படத்தைச் சிலாட் கலைக்காகப் பார்க்கலாம். தோட்டா தீர்ந்த பின் கத்தி, கத்திக்குப் பின் வெறுங்கை என்று படிப்படியாகத் துப்பாக்கியை அகற்றும் முறையில் ஹானின் விதியைவிட இது மேம்பட்டது. துப்பறிதல் என்பதோ பெயரளவுக்கும் இல்லை. போதைப்பொருள் தலைவன் ஒருவன் ஆளும் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் படை ஒன்று நுழைகிறது. அந்நுழைவே மேலிட அனுமதியற்றது எனப் பின்னர் தெரிகிறது. எஞ்சியவை அடியும் குருதியுமே. ஆனால் கடைசியில் ஒரு பொருள் கை மாறுகிறது. கையூட்டு வாங்கிய அதிகாரிகளைக் கட்டடத் தலைவன் பதிவுசெய்து வைத்திருந்தான். அப்பதிவுகளை, கும்பலிலேயே தங்கிவிடும் அண்ணன் காவலனான தம்பியிடம் தருகிறான். அவற்றை யாரிடம் கொடுப்பது, காவல் துறையில் எவரை நம்புவது? நூறு நிமிடம் அடித்து ஓய்ந்த பின் அத்தம்பி இவ்வினாவுடன் வாயிலைக் கடக்கிறான். படம் அங்கே நின்றுவிடுகிறது. நான் காண விரும்பிய கதை அவ்வாயிலுக்கு வெளியில்தான் தொடங்குகிறது.