‘ஜி’யும் ‘ஈ’யும்: சின்னப் பேர்களின் சாதி

தமிழ் சினிமாவில் ஓரெழுத்தில் பேர் வைத்த படங்களைச் சொல்லச் சொன்னால் நம் பிள்ளைகள் யோசிக்காமல் அடுக்குவார்கள்: ‘ஜி’ (2005), ‘ஈ’ (2006), ‘பூ’ (2008), ‘வ’ (2010). ரெண்டெழுத்து என்றால் பட்டியல் நிற்காது. ‘தில்’ (2001), ‘ரன்’, ‘ரெட்’, ‘தம்’, ‘பாபா’ (நாலும் 2002), ‘தூள்’, ‘சாமி’ (ரெண்டும் 2003). இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டில் படப்பேர்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. இதையெல்லாம் துணுக்குச் செய்தியாக, போட்டிக் கேள்வியாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறோம். துணுக்கு என்றால் அதற்குள் அரசியல் இருக்காது என்று ஒரு நினைப்பு. ஆனால் பேர் வைப்பதும் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்த நாட்டில் என்றைக்கும் துணுக்கு விவகாரமாக இருந்ததில்லை. ஆகவே அந்தப் பட்டியலைக் கொஞ்சம் சேரிப்பக்கம் திருப்பி வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

எந்த வருணத்தானுக்கு எப்படிப் பேர் வைக்க வேண்டும் என்று மனுதர்மம் இரண்டாம் அத்தியாயத்திலேயே சட்டம் போட்டிருக்கிறது. பிராமணன் பேரில் மங்கலம், சத்திரியன் பேரில் பலம், வைசியன் பேரில் செல்வம். சூத்திரன் பேரில் இழிவு தெரிய வேண்டுமாம். வருணத்துக்கே வெளியே நிறுத்தப்பட்டவனுக்குப் பேர் பற்றிய பேச்சே அந்த வரிசையில் இல்லை. கொங்கு மண்ணில் இது எப்படி நடந்தது என்று பார்க்கப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) நாவலைப் புரட்டினால் போதும். ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகளுக்கு அங்கே கூளையன், நெடும்பன், செவிடி என்றுதான் பேர். உடம்பில் எது கண்ணில் பட்டதோ அதுவே பேராகிவிட்டது. பண்ணையக்காரருக்கோ பேரோடு சாதியும் மரியாதையும் சேர்ந்து முழ நீளம் வரும். நரைத்த தலையோடு தோட்டத்து வாசலில் நிற்கிற நம்மாளை ‘அடே’, ‘ஏண்டா’ என்றுதான் கூப்பிடுவது. நம்மாள் திருப்பிச் சொல்ல வேண்டியது ‘சாமி’. சின்னப் பேரின் வரலாறு சினிமாவில் தொடங்கவில்லை.

தொண்ணூறுகளின் படப்பேர்களை நினைத்துப் பாருங்கள். ‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘தேவர் மகன்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994). ஒளிவு மறைவே கிடையாது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் யார், கை கட்டி நிற்பவர் யார் என்பதைப் போஸ்டரே சொல்லிவிடும். அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் வந்தது. தலித் என்ற சொல் தமிழ்நாட்டில் அரசியல் சொல்லாக எழுந்ததும் அந்த ஆண்டுகளில்தான். சேரி நிமிர்ந்த நேரத்தில் திரை திண்ணைக்குப் பட்டம் கட்டிக்கொண்டிருந்தது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

அப்புறம் பேர் சுருங்கியது. சாதிப்பேர் மெல்லப் போஸ்டரிலிருந்து இறங்கியது. தரணி இயக்கிய ‘தில்’, ‘தூள்’, ‘கில்லி’ (2004) என்று மெட்ராஸ் குப்பத்து வாயில் புழங்கிய சொற்கள் ஆளுயர எழுத்தில் சுவரேறின. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்கலாம். சொல் நம்முடையது, நாயகன் யார்? ‘கில்லி’யின் நாயகன் போலீஸ் அதிகாரி வீட்டுப் பிள்ளை. ‘தூள்’ கதை என்ன? ஆலைக் கழிவு ஆற்றைக் கெடுக்கிறது. ஊர்ச்சனம் நியாயம் கேட்டு அமைச்சரைத் தேடி மெட்ராஸ் போகிறது. நொய்யல் கரைச் சனத்துக்கு இதைவிடப் பக்கத்துக் கதை உண்டா? ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியது நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது தெரியும். அன்றைக்குக் கூலி போனது யாருக்கு என்பதும் தெரியும். எங்கள் நல்லூர்ப் பக்கம் தூள் என்றால் சாயத்தூள். ஆனாலும் ‘தூள்’ படம் என்றதும் பாட்டும் சண்டையும் ஞாபகம் வருகிறதே ஒழிய ஆறு வருவதில்லை. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சிறுகதை சசியின் கையில் நல்ல படமாகத்தான் வந்தது. பேர் மட்டும் ‘பூ’ ஆகிவிட்டது. வெயில் போயே போச்சு. சின்னப் பேர் பல சமயம் செய்கிற வேலை இதுதான்: கதையில் உறுத்துகிறதை விழுங்கிவிடும்.

சாதிப்பேர் இறங்கிய இடத்தில் மரியாதைப்பேர் ஏறியதையும் கவனிக்க வேண்டும். ‘சாமி’ படத்தில் நாயகன் போலீஸ் அதிகாரி ஆறுச்சாமி. மற்றவர்களுக்கு அது கடவுள் பேர் அல்லது ஒரு ஆளின் பேர். கொங்குச் சேரியின் காதுக்கு அது வாசலில் நின்று சொல்கிற சொல். ‘ஜி’ இன்னும் விசேஷம். காந்திஜி, நேருஜி என்று பேருக்குப் பின்னால் ஒட்டுகிற மரியாதை அது. இங்கே ஆளே இல்லை, மரியாதை மட்டும் தனியாக நின்று டிக்கெட் விற்கிறது.

அடுத்த ஆண்டே ‘ஈ’ வந்தது. இயக்கியவர், 2021இல் காலமான எஸ்.பி. ஜனநாதன். ஈஸ்வரன் என்ற பேர் தேய்ந்து ‘ஈ’ ஆகிப்போன குடிசைப் பகுதிப் பையன்தான் நாயகன். கடவுள் பேரே வைத்தாலும் ஊர் வாயில் அது பூச்சியாகிவிடுகிறது. ஏழை உடம்பு மருந்துச் சோதனைக்கான கச்சாப்பொருளாக ஆவதைப் பேசிய படம் அது. குறை இல்லாமலில்லை. பசுபதி நடித்த போராளி வெளியிலிருந்து வந்துதான் பையனுக்குக் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கிறது. குடிசைச் சனத்துக்குத் தானாக ஒன்றும் தெரியாது என்கிற பழைய பார்வை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் ஒரு ஆளைப் பூச்சி என்று கூப்பிடுகிற சமூகம் அந்த உடம்பைப் பூச்சியாகத்தான் நசுக்கும் என்பதைப் பேரிலேயே சொன்ன படம், ஓரெழுத்துப் பட்டியலில் இது ஒன்றுதான்.

‘ஈ’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கொடு என்று பொருள். நன்னூல் கணக்குச் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் இதுவும் சேர்த்தி. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ‘ஈ’ என்று கேட்க வேண்டும். சமமானவன் கேட்டால் ‘தா’. உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’. ஓரெழுத்துக்கும் படிநிலை! தமிழின் சுருக்கத்தை மெச்சுகிற வாத்தியார்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். 1984இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது ‘ஈ’ இல்லை, ‘தா’. இலக்கண மீறல் என்று நான் மதிப்பது அதைத்தான்.

இப்போது தமிழ்ப்பேர் விவகாரத்துக்கு வருவோம். 2004, 2005 ஆண்டுகளில் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கத்தின் பேரில் மருத்துவர் ராமதாசும் தொல். திருமாவளவனும் ஆங்கிலப் படப்பேர்களை எதிர்த்தார்கள். ‘பி.எஃப்.’ என்ற படம் ‘அன்பே ஆருயிரே’ ஆனது. சுருக்கி ‘அ ஆ’. ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ மாறாமல் வந்தது. 2006இல் தி.மு.க. அரசு, தமிழில் பேர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அறிவித்தது. உடனே ‘ஜில்லுனு ஒரு காதல்’ ‘சில்லுனு’ ஆனது. ‘சம்திங் சம்திங்’ உதிர்ந்து ‘உனக்கும் எனக்கும்’ மட்டும் நின்றது. ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆனான். 1914இல் மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன். ‘அவன் பெரிய எம்டன்’ என்று தொண்ணூறு வருசமாகச் சனம் புழங்கிய சொல். சனத்தின் சரித்திரம் ஒட்டியிருந்த சொல்லை வரிக்காக வெட்டினார்கள்.

‘வ’ கதை இதைவிட வேடிக்கை. ‘குவார்ட்டர் கட்டிங்’ என்ற பேரோடு பேசப்பட்ட புஷ்கர்-காயத்ரியின் படம் கடைசியில் ‘வ’ என்று வந்தது. பழைய தமிழ்க் கணக்கில் ‘கால்’ என்பதற்கான குறி அது. கர்ணம் கணக்கேட்டில் நிலத்தையும் நெல்லையும் அளந்த குறி. அந்த ஏட்டில் உழைத்தவன் பேர் கடன்காரனாகத்தான் ஏறும். அந்தக் குறி திரும்பி வந்தபோது அது குவார்ட்டர் பாட்டிலைக் குறித்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஆள், கடை மூடிய ராத்திரியில் ஒரு குவார்ட்டர் தேடி மெட்ராஸ் முழுக்க அலைவதுதான் படம். எழுத்து தமிழ், ஆகவே எல்லாம் சுத்தம்!

வரிவிலக்கு கேட்டது ஒரே கேள்வி: இந்தச் சொல் தமிழா? ‘தேவர் மகன்’ அந்தச் சோதனையில் ஜம்மென்று தேறியிருக்கும். 2011இல் அ.தி.மு.க. அரசு ‘யு’ சான்றிதழ், தமிழ்ப் பண்பாடு என்று நிபந்தனைகளைக் கூட்டியது. யாருடைய பண்பாடு என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்தப் பழைய ஏற்பாடு முடிவுக்கு வந்தது. கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

ஆங்கிலப் பேர் எதிர்ப்புக்கு முந்திய இன்னொரு சண்டையை நாம் மறந்துவிட்டோம். 2003இல் கமல்ஹாசன் தன் படத்துக்குச் ‘சண்டியர்’ என்று பேர் வைத்தபோது புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். 2004 பொங்கலுக்கு அது ‘விருமாண்டி’ என்று வந்தது. கிருஷ்ணசாமியின் பிற்கால அரசியலோடு நமக்கு முரண்பாடு நிறைய உண்டு. படைப்புச் சுதந்திரம் பற்றி விவாதிக்கவும் இடமுண்டு. ஆனாலும் அன்றைக்கு எழுந்த கேள்வி வேறு ரகம். சண்டியர் சுத்தத் தமிழா என்பது அங்கே பிரச்சினையில்லை. இந்தப் பேர் தெருவில் யாருக்குத் தெம்பு கொடுக்கும், யாருக்கு அடி வாங்கித் தரும் என்பதுதான் பிரச்சினை. ஒரே பத்தாண்டில் தலித் தலைமைகள் படப்பேரை ரெண்டு விதமாக விசாரித்திருக்கின்றன. ஒன்று மொழியின் தூய்மையைக் கேட்டது, மற்றொன்று பேரின் அதிகாரத்தைக் கேட்டது. அரசு முதல் கேள்வியை மட்டும் எடுத்துச் சட்டமாக்கியது. அந்தக் கேள்வி திண்ணையில் இருப்பவர் யாரையும் எழுந்திருக்கச் சொல்லாது. அதனால்தான் அதற்குச் சலுகை.

திருமா தமிழைக் கையிலெடுத்ததன் நியாயம் எனக்குப் புரியாமலில்லை. தமிழர் என்ற பேருக்குள் சேரியும் உண்டு என்கிற உரிமைக்கோரல் அது. அந்தக் கோரலுக்கு நம்மிடம் பழைய முன்னோடிகள் இருக்கிறார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகையின் பேர் ‘பறையன்’. வசவாக எறிந்த சொல்லைப் பிடித்துத் தலைப்பில் நிறுத்தினார். 1907இல் அயோத்திதாசர் தொடங்கியது ‘ஒரு பைசாத் தமிழன்’, பிறகு ‘தமிழன்’. சாதி பார்க்காதவனே தமிழன் என்கிற பொருளை அந்தச் சொல்லுக்குள் ஏற்றியவர் அவர். பைசா என்ன தமிழ்ச் சொல்லா? 2006 அறிவிப்பின்படி பார்த்தால் அயோத்திதாசருக்கே வரிவிலக்குக் கிடைத்திருக்காது!

பின்னால் வந்த தலித் சினிமா இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) தூய்மைவாதிகளுக்குக் கசக்கலாம். வடசென்னை உழைப்பாளிக்கு ஊர்ப்பேர் அதுதான். பழைய படங்களில் அடியாளுக்கு வைத்த பேர் ‘கபாலி’ (2016) என்று நாயகனுக்கு வந்தது. ‘காலா’ (2018) ரெண்டெழுத்துதான். கரிகாலன் என்ற பேர் சுருங்கிக் கறுப்பு என்ற பொருளோடு நிற்கிறது, அதைச் சொந்தச் சனம் சொல்கிறது. மாரி செல்வராஜோ முழுப் பேரையும் போஸ்டரில் ஏற்றினார்: ‘பரியேறும் பெருமாள்’ (2018), அதன் பின்னால் சட்டப் படிப்பின் பட்டமும், மேலே ஒரு கோடும். பேர் நீளமா சின்னதா என்பது பெரிய விசயமில்லை. சுருக்கியது யார் கை என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்வோம். பனியன் கம்பெனிக்கு வருகிற பொம்பளப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பேர், ரேசன் கார்டில் ஒரு பேர். கம்பெனிக்குள் ‘ஏ கைமடி’, ‘ஓவர்லாக், இங்க வா’. செய்கிற வேலையே பேர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆட்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேர், ‘பையா’. ‘ரன்’, ‘ஜி’ எடுத்த லிங்குசாமி 2010இல் எடுத்த படத்துக்கும் அதே பேர்தான். இந்தியில் அது அண்ணனைக் கூப்பிடும் சொல். நம் வாய்க்கு வரும்போது அது பொடியனைக் கூப்பிடுவதாக மாறிவிடுகிறது. ரயிலேறி வந்த அந்த ஆட்களில் நம்மைப்போல ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் விசாரித்தோம்? நம் தாத்தாவுக்குப் பண்ணாடி செய்ததை நாம் பக்கத்து மிசின்காரனுக்குச் செய்துகொண்டு சாதி ஒழிப்புப் பேச முடியாது.

படிக்கிற பிள்ளைகளுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் கம்பெனியில் யார் யாரை எந்தப் பேரில் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டிக்குப் பெத்தவங்க வைத்த பேர் என்ன, ஊர் கூப்பிட்ட பேர் என்ன, ரெண்டையும் கேட்டு எழுதுங்கள். பக்கத்து மிசினில் இருக்கிற பீகார்க்காரரின் முழுப் பேரைக் கேட்டு, அவர் சொல்கிற மாதிரியே சொல்லிப் பழகுங்கள். சினிமாப் பேர்களை விசாரிக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.