‘டிரா’ என்னும் ஆங்கில வினை

கொன்ற கோழி, மீன் முதலியவற்றின் குடரை அகற்றுதலைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைகள் சில உள. இலத்தீன் வழிவந்த ‘இவிசரேட்’ கற்றோர் வழக்கு. ‘கட்’ என்பது பொதுமக்கள் வழக்கு. இவற்றினும் ஆராய்தற்குரியது ‘டிரா’ என்பதே. இது ‘இழு’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையினின்றும் தோன்றியது.

இழுத்தற் பொருள் குடரகற்றற் பொருளாயது எங்ஙனம்? குடரைக் கோழியினின்றும் இழுத்தல் என்பதே முதல் வழக்காதல் வேண்டும். பின்னர்க் கோழியே செயப்படுபொருளாயிற்று. ‘பாலைக் கறந்தான்’ எனவும் ‘ஆவைக் கறந்தான்’ எனவும் நாம் வழங்குதல் இதனோடு ஒப்பிடத்தகும். இம்மட்டில் ஐயமில்லை.

ஐயம் எழுவது தண்டனைத் தொடர் ஒன்றில். இங்கிலாந்தில் அரசத் துரோகிகட்கு விதித்த கொடுந்தண்டனையை ‘ஹாங்டு, டிரான், குவார்ட்டர்டு’ என்பர். முதற்சொல் தூக்கிலிடுதலையும் இறுதிச்சொல் உடலை நாற்கூறாக்குதலையும் சுட்டும். இடைநின்ற ‘டிரான்’ எதனைச் சுட்டும்? குற்றவாளியைக் கொலைக்களத்திற்கு இழுத்துச் செல்லுதலையா, குடரை உருவுதலையா? தூக்கிலிடுதற்குப் பின் இச்சொல் நிற்குமாயின் குடர் உருவுதலே பொருளாகக் கொள்ளத்தகும் என்பது ஆக்ஸ்போர்டுப் பேரகராதியின் கருத்து. நிகழ்ச்சிமுறையே சொன்முறை என்னும் துணிபே இதற்கு அடிப்படை. இத்துணிபு அமைவுடையதன்று.

தீர்ப்புரையை நோக்குக. குற்றவாளியைப் படலில் கிடத்திக் கொலைக்களத்திற்கு இழுத்துச் செல்க என்பது அதன் முதற்கூறு. ‘டிரா’ ஆளப்படுவது ஈண்டே. தூக்கிலிட்டு உயிரோடு இறக்கிக் குடரை எடுத்து எரிக்க என்னும் பின்னைக் கூற்றிலோ, ‘வெளியே எடு’ என்னும் வேறு வினை வருகின்றது. சட்டம் இரண்டையும் மயங்க வைக்கவில்லை.

இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. அரசத் துரோகம் செய்த பெண்டிர்க்கு எரியூட்டலே தண்டனையாக இருந்தது. அது 1790ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அவர்க்குரிய தீர்ப்பிலும் ‘டிரா’ உண்டு. குடர் அகற்றுதல் இல்லை. கள்ள நாணயம் அடித்த ஆடவர் ‘டிரா’ செய்யப்பட்டுத் தூக்கிலிடப்பட்டனர். அவர் உடலும் அறுக்கப்படவில்லை. இவ்விடங்களில் குடர் உருவுதல் எனப் பொருள்கொள்வார், நிகழாத கொடுமையை வரலாற்றில் ஏற்றியோராவர்.

அகராதியார் கூற்று முற்றும் தள்ளத்தக்கதென்பது எம் கருத்தன்று. 1660ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் சேரிங் கிராஸில் தாமஸ் ஹாரிசன் கொல்லப்பட்டதைக் கண்ட சாமுவேல் பீப்ஸ், தம் நாட்குறிப்பில் தூக்கிலிடுதலை முன்வைத்தே எழுதினார். அவர் எப்பொருளைக் கருதினார் என்பதைச் சொன்முறை ஒன்றுகொண்டே துணிதல் இயலாது. கண்டார் நெஞ்சில் பெரிதும் பதிவது படலில் இழுத்தலன்று, குடரை எரித்தலேயாதலின், மக்கள் வழக்கில் அப்பொருள் ஏறியிருத்தலும் கூடும். ஆயின் மக்கள் வழக்கின் பொருளைச் சட்ட ஆவணத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று. குடரகற்றுதல் 1814ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. படலில் இழுத்தலோ, 1870 வரை தீர்ப்பில் எஞ்சி நின்றது.